நாளுக்கொரு நிழற்படம்

ஓர் ஊரை அறிந்தோம் என்று கூறுதல் எளிது, அறிதலோ அரிது. பிறந்து வளர்ந்த ஊராயின் அவ்வருமை இன்னும் மிகும். நாள்தோறும் நடந்து பழகிய தெருவைக் கண் காண்பதில்லை. கால்தான் அறிந்து செல்கின்றது. அயலூரினின்று வந்தவன் அரை நாழிகையில் வியந்து நோக்கும் பொருளை, அவ்வூரான் ஐம்பதாண்டு நோக்காமலே வாழ்ந்து முடிதலும் உண்டு. இக்குறைக்கு மருந்தென யாம் கருதுவது ஒன்றுளது. அஃதாவது, தான் பிறந்த ஊரை நாளுக்கொரு நிழற்படமாக எடுத்து, நாளும் இடமும் குறித்துச் சேமித்து வருதல். கடற்கரை நகரங்களிற் பிறந்த மாணவர்க்கு இது பொழுதுபோக்காக மட்டும் அமையாது கடமையாகவும் அமையும் என்பதே இக்கட்டுரையில் யாம் நிறுவப் புகுவது.

எம் ஊர் தூத்துக்குடி. இப்பெயரைக் கேட்ட அளவில் வெளியூர் அன்பர் பலர் மனத்தில் இன்று தோன்றும் காட்சிகள் இரண்டு. ஒன்று, 2018-ஆம் ஆண்டு மே 22-ஆம் நாளைச் சார்ந்தது. செம்பு உருக்காலையை எதிர்த்து எழுந்த கிளர்ச்சியிற் காவலர் சுட்டதனால் 13 பேர் மாண்ட துயரம் அது. மற்றொன்று, 2023-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 17, 18 ஆகிய நாட்களின் பெருவெள்ளம். அண்மையிலுள்ள காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை பொழிந்தது. எம் நகரத்துத் தெருக்களோ குளங்களாயின. இவ்விரு துயரங்களின் படங்களும் எங்கும் பரவின. பரவவேண்டியனவே அவை, மறக்கற்பாலனவும் அல்ல. ஆயினும், ஒருவனைப் பற்றி நம்மிடம் எஞ்சியுள்ள படங்கள் யாவும் அவன் நோயுற்றுக் கிடந்த நாட்களில் எடுத்தனவாகவே இருப்பின், அவனை அறிந்தோம் என்று நாம் கூறலாகுமோ? அவன் நகைத்த முகம் யாண்டுளது? அவன் உழைத்த கை யாண்டுளது?

இன்னும் ஒன்று சிந்திக்கற்பாலது. துயர நாளில் மாண்டவர் இழந்தது யாது? விடியலிற் கடைத்தெருவிற்குச் சென்று மீன் வாங்கும் நாளை இழந்தனர். மாலையிற் கடற்காற்றில் அமர்ந்து அண்டையாருடன் பேசும் நாளை இழந்தனர். அவ்வழக்க நாளின் உருவம் ஓரிடத்தும் பதியப்பெறாது ஒழியுமாயின், அவர் இழந்ததன் அளவைப் பின்வருவோர் எங்ஙனம் அறிவர்? ஆதலின் வழக்க நாளைப் பதிந்து வைத்தல் துயர நாளை மறைக்கும் செயலாகாது; அத்துயரத்தை அளக்கும் கோலே அது.

வழக்க நாள் என்றவுடன் எல்லா நாளும் ஒன்றுபோல்வன என்று எண்ணற்க. எம் நகரின் ஓராண்டைச் சிறிது நோக்குமின். பருவமழை ஓய்ந்தபின் உப்பளத் தொழிலாளர் பாத்திகளை மிதித்துச் செப்பஞ் செய்கின்றனர். வெயில் ஏற ஏற அப்பாத்திகள் சேற்று நிறத்தினின்று இளஞ்சிவப்பாகியும் பின் வெண்மையாகியும் மாறுகின்றன. ஏப்ரல் 15-ஆம் நாள் முதல் ஜூன் 14-ஆம் நாள் வரை, மீனினம் பெருகுதற்பொருட்டு, 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லாது கரையில் நிரை நிரையாக நிற்கின்றன. அந்நாட்களில் வலை பின்னுதலும் படகிற்கு வண்ணந் தீட்டுதலுமே தொழில். ஜூலை 26-ஆம் நாள், 1713-ஆம் ஆண்டில் எழுந்த பனிமய மாதா கோயிலிற் கொடி ஏறுகின்றது. ஆகஸ்டு 5-ஆம் நாள் பெருவிழாவிற்குப் பல சமயத்தாரும் திரள்கின்றனர். ஐப்பசி மழை தொடங்குமுன் உப்பு அம்பாரங்கள் ஓலையாலும் படுதாவாலும் மூடப்படுகின்றன. பழைய துறைமுகத்திலே மாலைத்தீவு செல்லும் தோணிகள் சரக்கேற்றுகின்றன; 1906-ஆம் ஆண்டில் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பற் கழகம் கண்ட ஊரின் தொடர்ச்சி அத்தோணிகளில் இன்றும் ஒருவாறு விளங்குகின்றது. 1974-ஆம் ஆண்டிற் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பெற்ற புதிய துறைமுகமோ வேறோர் உலகம். இவற்றுள் எதனையும் ஒரே நாளிற் கண்டு முடித்தல் இயலாது. நாள்தோறும் நோக்குவார்க்கே ஊர் தன் ஆண்டினைக் காட்டும்.

தமிழ் பயிலும் எமக்கு இக்கருத்துப் புதியதன்று. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பட்டினப்பாலையிற் கரிகாற் பெருவளத்தானைப் பாடப் புகுந்தவர். ஆயினும் அந்நூலின் 301 அடிகளுட் பெரும்பகுதி காவிரிப்பூம்பட்டினத்தின் வழக்க நாளுக்கே உரியதாயிற்று. முற்றத்தில் உலரும் உணவை உண்ண வந்த கோழியை மகளிர் தம் காதணியால் எறிந்து ஓட்டுகின்றனர். எறிந்த அணி சிறுவர் உருட்டும் சிறுதேரைத் தடுக்கின்றது. பண்டங்களின்மேற் புலிப்பொறி இடப்படுகின்றது. முழுமதி நாளிற் பரதவர் கடலுக்குச் செல்லாது சுறவின் கொம்பு நட்டு வழிபட்டு மகிழ்கின்றனர். அப்பழம் பட்டினத்தைக் கடல் கொண்டது என்பது மரபு. மாளிகைகளின் எல்லையை ஆராய்வார் இன்றும் தேடுகின்றனர். கோழியை ஓட்டிய மகளிரோ நம் கண்முன் நிற்கின்றனர். புலவர் அன்று சிறுபொருளெனத் தள்ளியிருப்பின் இன்று நாம் இழந்திருப்பது எத்துணை!

நிழற்படக் கலையின் வரலாறும் இதனையே வலியுறுத்துகின்றது. 1839-ஆம் ஆண்டிற் பாரிஸ் நகரத்தில் இக்கலை உலகிற்கு வெளியிடப்பெற்றது. அதன்பின் இருபதாண்டு நிரம்புமுன்னரே, 1858-இல், லின்னேயஸ் டிரைப் என்னும் படைத்தலைவர் மதுரை, தஞ்சை முதலிய ஊர்களின் கோயில்களையும் அரண்மனைகளையும் படமெடுத்தார். அவை நமக்குக் கிடைத்த அருஞ்செல்வம். எனினும் அந்நாளைக் கருவி நெடுநேரம் ஒளியை ஏற்கவேண்டியிருந்தமையின், நடமாடும் மக்கள் அதிற் பதிதல் அரிதாயிற்று. கல் பதிந்தது; கல்லின் நிழலில் வாழ்ந்தவர் பதியவில்லை. பிற்காலத்தே பாரிஸ் நகரில் யூஜீன் அட்ஜே என்பார், 1927-ஆம் ஆண்டில் தாம் மறையுமளவும் ஏறக்குறைய முப்பதாண்டுகள், கனத்த கருவியைச் சுமந்து தெருத்தெருவாகச் சென்று, கடை வாயில்களையும் முற்றங்களையும் படிக்கட்டுகளையும் தெரு வணிகரையும் படமெடுத்தார். தம்மைப் பெருங்கலைஞர் என்று அவர் கூறிக்கொள்ளவில்லை. தாம் செய்வன ஆவணங்களே என்றார். அவர் எடுத்த தெருக்கள் பல பின்னர் இடிக்கப்பட்டன. இன்று பழம் பாரிஸைக் காண விழைவார் அவர் படங்களை நாடுகின்றனர்.

கடற்கரை ஊர்களுக்கு இத்தேவை ஏனைய ஊர்களினும் மிகுதி. கடல் நிலைத்த அயலான் அல்லன். சங்கச் சான்றோர் முத்திற்குப் புகழ்ந்த கொற்கைத் துறை இன்று கடலினின்றும் சில கல் தொலைவில் உள்நாட்டுச் சிற்றூராய்க் கிடக்கின்றது. ஆங்கே கடல் பின்வாங்கிற்று. 1964-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 22-ஆம் நாள் இரவிற் புயலொடு எழுந்த கடல் தனுஷ்கோடியை அழித்தது. ஆங்கே கடல் முன்வந்தது. எம் நகரை அடுத்த வான்தீவு, பவளப்பாறைகளை நெடுங்காலம் வெட்டியெடுத்தமையாற் காவலிழந்து, அலையால் அரிக்கப்பட்டுச் சுருங்கியதனை அறிஞர் அளந்து கூறியுள்ளனர். 2015-ஆம் ஆண்டு முதல் அதனைச் சூழச் செயற்கைப் பாறைகள் இட்டுக் காத்து வருகின்றனர். ஒரே இடத்தில் நின்று திங்கள்தோறும் ஒரு படம் எடுத்து வந்தால், கரை வளர்வதும் தேய்வதும் கல்லூரி மாணவனுக்கும் புலனாகும். அறிஞர்தம் அளவுகோலுக்கு அது துணையுமாகும்.

நிற்க. இதற்கு எழும் தடைகளையும் எண்ணுதல் வேண்டும்.

கைப்பேசி யாவர் கையிலும் உளது, படங்களோ கணக்கில, இனியும் எதற்கு என்பர் சிலர். படங்கள் மிகுந்தன என்பது உண்மையே. ஆயின் அவற்றுட் பெரும்பாலன எடுத்தவரின் முகமும் விருந்தும் ஆம். எந்நாள், எவ்விடம் என்னும் குறிப்பும் அவற்றுட் பலவற்றிற்கு இல்லை. கருவி பழுதுற்றாற் படமும் உடன் மாயும். களத்துமேட்டில் நெல் குவிந்துளது என்பதனால் விதைநெல்லைத் தேர்ந்து கோட்டை கட்டுதல் வேண்டாவாமோ?

தமிழ் மாணவர்க்கு இது வீண்வேலை என்பர் வேறு சிலர். அவர்க்கு யாம் கூறுவது இது: நெய்தல் திணையைப் பாடத்திற் கற்ற நாம், மேல்காற்றைக் கச்சான் என்றும் கீழ்க்காற்றைக் கொண்டல் என்றும் வழங்கும் கடலோர் பேச்சை எத்துணை கற்றுளோம்? வள்ளத்தின் உறுப்பிற்கும் வலையின் வகைக்கும் கரையில் வழங்கும் பெயர்கள் எத்தனை நம் அகராதிகளில் ஏறியுள்ளன? படத்தின் கீழ் எழுதவேண்டி நேரும்போது, இதன் பெயர் என்ன என்று நாம் வினவியே தீரவேண்டும். இங்ஙனம் நாளுக்கொரு சொல்லாகச் சேரின், பட்டம் பெறும் மூன்றாண்டில் ஆயிரத்தின்மேற் சொற்கள் சேரும். இதனினும் சிறந்த தமிழ்த்தொண்டு மாணவப் பருவத்தில் யாதுளது?

மூன்றாவது தடையே வலிமை வாய்ந்தது. உழைப்பவர் வறுமையைப் படமாக்கி நாம் பெயர் தேடுதல் அறமாகுமோ என்பது அது. ஆகாது. வெயிலில் உப்பு வாரும் பெண்ணின் முகம் நமக்கு அழகிய காட்சியாகலாம்; அவர்க்கோ அது கண் கூசும் வேலை, காலிற் புண்படும் வேலை. இத்திறத்தில் எமக்கு ஒளி தந்தவர் திரேஸ்புரத்தை அடுத்த அளமொன்றில் யாம் இசைவு கேட்டு நின்ற மூதாட்டி ஒருவர். படத்தை என்ன செய்வீர்கள் என்று அவர் வினவினார். நாளும் இடமும் எழுதிச் சேமிப்போம் என்றோம். "அப்படியானால் இன்றைய கூலியையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள், தம்பி, உப்பைப் பார்க்கிறவர்களுக்குக் கூலி தெரிவதில்லை" என்றார். பல நூல் கற்றாரும் கூறாத இலக்கணம் இது. ஒளி பதியும் தகட்டிற் கூலி பதியாது, விலை பதியாது, காற்றின் பெயர் பதியாது. படத்தால் இயலாததனை எழுத்தே நிரப்புதல் வேண்டும்.

ஆகலின் இப்பணியை மேற்கொள்வார்க்கு யாம் வேண்டுவன நான்கு. முதலாவது, மனிதர் முகத்தை அவர்தம் இசைவின்றி எடுத்தலாகாது. இசையாராயின் அவர் செய்பொருளை எடுத்தமைக. இரண்டாவது, நாள், இடம், தொழிற்பெயர், விலை அல்லது கூலி ஆகியவற்றைத் தமிழில் இரண்டொரு வரியில் அன்றே எழுதுக. நாளை என்றாற் பாதி மறந்துபோம். மூன்றாவது, எடுத்த படத்தை அழகு கருதித் திரித்தலாகாது. வானம் வெளிறியிருந்த நாளில் வெளிறியே இருக்க. நான்காவது, திங்களுக்கு ஒன்றாக ஆண்டிற்கு 12 படங்களைத் தேர்ந்து, நல்ல தாளில் அச்சிட்டு, பின்புறத்திற் பென்சிலாற் குறிப்பெழுதி வைக்க.

இந்நான்காவதன்பொருட்டு எம் கல்லூரியாரிடம் ஒரு விண்ணப்பமும் உண்டு. இக்கல்லூரியிற் பயில்வார் தூத்துக்குடியினின்று மட்டும் வருவாரல்லர். மணப்பாடு, உவரி, வேம்பார், கன்னியாகுமரி எனக் கரை நெடுகிலுமிருந்து வருகின்றனர். நூலகத்தில் ஓர் அலமாரியை இதற்கென ஒதுக்கி, ஊருக்கொரு பெட்டி வைத்தல் அரிய செயலன்று. பத்து ஊர்களிலிருந்து ஊருக்கொரு மாணவர் ஆண்டிற்கு 12 படம் தருவாராயின், பத்தாண்டில் 1,200 படங்கள் சேரும். பழைய மாணவர் தம் வீட்டுப் பேழையிற் கிடக்கும் பழம்படங்களை நாளும் இடமும் குறித்து உதவின், அப்பெட்டிகள் இன்றே பாதி நிறையும். ஆசிரியர் பெருமக்கள் சொற்குறிப்புக்களைத் திருத்தித் தருவாராயின், அவற்றினின்றே கடற்றொழிற் சொற்களின் சிற்றகராதி ஒன்று பிறக்கும்.

மாணவ நண்பர்காள்! கைப்பேசியை நாம் ஒரு நாளிற் பலமுறை எடுத்து நோக்குகின்றோம். அவற்றுள் ஒருமுறை அதனை நம் ஊரின் பக்கம் திருப்புதல் பெருஞ்செலவன்று. ஐம்பதாண்டு கழித்து இந்நூலகத்திற்கு வரும் ஒரு மாணவர், எம் ஊரின் பெட்டியைத் திறந்து, இன்னநாளில் இன்ன அளத்தில் உப்பு வாரினார்க்குக் கூலி இவ்வளவு என்று படிப்பாராயின், அம்மூதாட்டி கேட்டது நிறைவேறியதாகும். இன்றைய படத்தை இன்றே எடுப்போமாக.