கண்டிக்குக் கிளைப்பாதை, தோட்டத்துக்கு எப்பாதை?

மத்திய அதிவேக நெடுஞ்சாலையின் கண்டிக் கிளை பற்றிய பேச்சு எழும்போதெல்லாம், "மலையகத்துக்கு அதிவேகப் பாதை வருகிறது" என்ற பேச்சும் கூடவே எழுகிறது. இக்கூற்று எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை வரைபடத்தை விரித்துப் பார்த்தே சொல்ல வேண்டும்.

திட்டத்தின்படி, கடவத்தையில் தொடங்கும் பிரதான பாதை மீரிகம, குருநாகல் ஊடாகத் தம்புள்ளையை நோக்கிச் செல்கிறது. பொத்துஹெரவில் அதிலிருந்து பிரிந்து, கலகெதர வரை செல்லும் சுமார் 32 கிலோமீற்றர் கிளையே கண்டிக்கு உரியது. மீரிகம–குருநாகல் பகுதி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. கடவத்தை–மீரிகம பகுதியின் வேலைகள் அதே ஆண்டின் பொருளாதார வீழ்ச்சியோடு நின்றுபோய், 2025 செப்டெம்பரில் மீண்டும் ஆரம்பிக்கப்பட்டன. தலைப்பகுதி முடியாமல் நடுப்பகுதி திறக்கப்பட்ட இந்த நெடுஞ்சாலையில் கண்டி இன்னும் தன் முறைக்காகக் காத்திருக்கிறது.

இக்கிளை வேண்டாம் என்பது என் வாதமன்று. 2025 நவம்பர் 22ஆம் திகதி பஹல கடுகண்ணாவையில் நிகழ்ந்த மண்சரிவில் ஆறு பேர் உயிரிழந்தனர். கொழும்பு–கண்டி வீதி மூடப்பட்டது. சில நாட்களில் டித்வா புயல் வந்தது. மலைநாட்டுக்கு இன்னொரு வழி இருப்பது ஆடம்பரமன்று, அவசியம் என்பதை அந்த நாட்கள் உணர்த்தின.

ஆனால் அந்த வழி எங்கே முடிகிறது? கண்டி நகருக்கு வெளியே, கலகெதரவில். அதன்பின் கட்டுகஸ்தோட்டையின் நெரிசல். நுவரெலியாவுக்குச் செல்பவர் பேராதனை, கம்பளை, புசல்லாவை கடந்து றம்பொடை வளைவுகளில் ஏறவேண்டும். 2025 மே மாதம் கெரண்டி எல்லவில் பஸ் பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டது இந்த வீதியில்தான். ஹட்டன் மக்களோ கினிகத்தேனை, கித்துல்கல, அவிசாவளை வழியாகவே கொழும்புக்குச் செல்கின்றனர். கண்டிக் கிளையால் அவர்களது பயணம் ஒரு நிமிடமேனும் குறையப்போவதில்லை.

புகையிரதப் பாதையின் வரலாறு இதற்கு நேர்மாறானது. 1867இல் கண்டியை அடைந்த இருப்புப் பாதை, பின்னர் பேராதனையில் திரும்பி, 1874இல் நாவலப்பிட்டியையும் 1885இல் நானுஓயாவையும் தொட்டது. பிரதான பாதை தோட்டங்களை நோக்கிப் போயிற்று. கண்டி கிளைப்பாதையில் நின்றது. வெள்ளைக்காரன் நம்மவர் மீது கொண்ட கருணையால் அதைச் செய்யவில்லை. கோப்பியும் தேயிலையும் துறைமுகம் போய்ச் சேரவேண்டியிருந்தது. ஆயினும் செல்வம் எங்கே விளைகிறதோ அங்கே பாதை செல்லவேண்டும் என்ற கணக்கு அவனுக்குத் தெரிந்திருந்தது. சுதந்திர இலங்கையின் கணக்கில் அந்த மலைகள் கிளையாகக்கூட இடம்பெறவில்லை.

றம்பொடை மலையில் ஆறுவழிப் பாதை வெட்டுங்கள் என்று நான் கேட்கவில்லை. அந்த மண் அதைத் தாங்காது. நான் கேட்பது சிறிய காரியம். பிரதான வீதியிலிருந்து லயன்களுக்குச் செல்லும் தோட்டப் பாதைகளைக் கவனியுங்கள். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டம் தோட்டங்களுக்குப் பிரதேச சபை சேவை செய்வதற்குத் தடையாக இருந்தது. அதன் 33ஆம் பிரிவு 2018இல் திருத்தப்பட்டது. சட்டத் தடை நீங்கிய பின்னரும், "இது தோட்டக் கம்பனியின் பாதை", "இது சபையின் பாதை" என்று ஒருவர் மீது ஒருவர் பொறுப்பைச் சுமத்தும் வழக்கம் நீங்கவில்லை. இடையில் நிற்பவள், பிரசவ வலியோடு லொறிக்காகக் காத்திருக்கும் பெண்.

நோயாளி ஒருவரை நுவரெலியாவிலிருந்து கண்டி வைத்தியசாலைக்கு மாற்றும்போது, நேரம் வீணாவது பொத்துஹெரவில் அன்று. தோட்டத்துக் கங்காணி வீட்டுக்கும் தார் வீதிக்கும் இடையிலுள்ள கற்பாதையிலும், மழைக்குச் சரியும் மலைச்சரிவிலும்தான்.

எனவே கண்டிக் கிளைக்கு நிதி ஒதுக்கும்போது, அதே திட்டத்தில் மூன்று வேலைகளையும் சேர்க்க வேண்டும்: பேராதனை–நுவரெலியா வீதியின் சரிவுகளைப் பலப்படுத்துதல், அவிசாவளை–ஹட்டன் வீதிக்கும் அவ்வாறே செய்தல், தோட்டப் பாதைகளைப் பிரதேச சபைகள் முறைப்படி பொறுப்பேற்பதற்கான நிதி. நமது பாராளுமன்ற உறுப்பினர்கள் வரவு செலவுத் திட்ட விவாதத்தில் இதைக் கேட்கவேண்டும். கேட்காவிட்டால், கலகெதரவில் நாடா வெட்டும் நாளில் மேடையில் அமர்ந்து கைதட்டுவது மட்டுமே அவர்களுக்கு மிஞ்சும்.