திரை பெரிது, உள்ளே சரக்கு எப்படி?

லேப்டாப் வாங்க நினைத்திருந்த நடுத்தரக் குடும்பங்களுக்கு 2025-ம் ஆண்டின் கடைசி மாதங்கள் சோதனையாக அமைந்தன. மெமரி சிப்புகளின் விலை உலகம் முழுவதும் ஏறியது. டிசம்பர் மாதத்தில் ஒரு டாலரின் விலை 90 ரூபாயைத் தாண்டியது. இரண்டும் வர்த்தகப் பக்கத்தில் வந்த செய்திகள்தான். ஆனால் அவற்றின் பலன் வந்து விழுந்த இடம் மும்பை லாமிங்டன் ரோடு கடைகளும், அங்கே விலை கேட்டு நிற்கும் பெற்றோரின் சட்டைப் பையும்தான்.

லேப்டாப் இனி ஆடம்பரப் பொருள் அல்ல. மகாராஷ்டிரத்தில் 2025-26 கல்வி ஆண்டிலிருந்து 11-ம் வகுப்பு ஜூனியர் காலேஜ் சேர்க்கை மாநிலம் முழுவதற்கும் ஆன்லைனில் நடக்கிறது. ரயில்வே வேலைக்கு மனுப் போடுவதும் பரீட்சை எழுதுவதும் கம்ப்யூட்டரில்தான். சிறு கடைக்காரர் ஜி.எஸ்.டி. கணக்குக் கொடுப்பதும் அப்படியே. இவற்றையெல்லாம் செல்போனிலேயே முடித்துவிடலாம் என்று சொல்வோர் உண்டு. உள்ளங்கை அளவு திரையில் நாலு பக்க விண்ணப்பத்தை நிரப்பிப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் ஒரே அறையில் குடித்தனம் நடத்தும் தமிழர்கள் ஏராளம். மேஜை போட்டுப் பெரிய கம்ப்யூட்டர் வைக்க அங்கே இடம் ஏது? காலையில் மகளுக்குப் பாடம், மாலையில் தகப்பனாருக்குக் கணக்கு, இரவில் பாட்டிக்கு ஊரிலிருந்து வரும் வீடியோ அழைப்பு என்று எல்லாவற்றுக்கும் ஒரே லேப்டாப்தான். ஆகையால் திரை பெரிதாக வேண்டும் என்று கேட்பது நியாயமே. ஆனால் வியாபாரம் அந்த நியாயமான ஆசையைத்தான் குறி வைக்கிறது. வெளியே பெரிய திரையைக் காட்டி, உள்ளே சரக்கைக் குறைத்துத் தள்ளிவிடுகிறார்கள். அடக்க விலை ஏறியிருக்கும் காலத்தில் இந்த அபாயம் இன்னும் அதிகம்.

இலவசம் அங்கே, விலை இங்கே

தமிழ்நாட்டில் மாணவர்களுக்கு இலவச லேப்டாப் வழங்கும் திட்டம் 2011 செப்டம்பரில் தொடங்கியது. நடுவில் சில ஆண்டுகள் நின்றுபோய், 2026 ஜனவரியில் கல்லூரி மாணவர்களுக்கு மறுபடி தொடங்கி வைக்கப்பட்டது. அது தமிழ்நாட்டில் படிக்கும் மாணவர்களுக்கான திட்டம். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு அதில் பங்கு இல்லை. அவர்களுடைய பெற்றோர் முழு விலையையும் கையிலிருந்து கொடுத்தாக வேண்டும். ஆகவே எதை வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்குவது இவர்களுக்கு இரட்டிப்பு அவசியம்.

விலை ஏறியது ஏன்?

முதல் காரணம் மெமரி. உலகில் விற்கும் கம்ப்யூட்டர் மெமரியில் பெரும்பகுதியைத் தயாரிப்பவை மூன்றே கம்பெனிகள். தென் கொரியாவின் சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், அமெரிக்காவின் மைக்ரான். செயற்கை அறிவுக்கான ராட்சத கம்ப்யூட்டர் நிலையங்கள் மெமரியை மொத்தமாக, நல்ல விலைக்கு வாங்கத் தொடங்கின. உற்பத்தி அந்தப் பக்கம் திரும்பியது. சில்லறைச் சந்தையில் ‘குரூஷியல்’ என்ற பெயரில் விற்று வந்த மெமரி வியாபாரத்திலிருந்தே விலகுவதாக மைக்ரான் 2025 டிசம்பரில் அறிவித்தது. சீமான் வீட்டுக் கல்யாணத்துக்குக் கறிகாய் முழுதும் போய்விட்டால் தெருவில் கத்தரிக்காய் விலை என்ன ஆகும்? அந்தக் கதைதான் இதுவும்.

இரண்டாவது காரணம் ரூபாய். 2022-ம் ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு டாலர் சுமார் 75 ரூபாய். 400 டாலர் அடக்கமுள்ள லேப்டாப் அப்போது 30,000 ரூபாய்க்கு வந்திருக்கும். டாலர் 90 ரூபாய் ஆனால் அதே லேப்டாப்புக்கு 36,000 ரூபாய். வெளிநாட்டுக் கம்பெனி ஒரு காசு ஏற்றாமலே 6,000 ரூபாய் ஏறிவிட்டது.

மூன்றாவது வரி. லேப்டாப்புக்கு ஜி.எஸ்.டி. 18 சதவிகிதம். 50,000 ரூபாய் கொடுத்து வாங்குகிறவர், அதில் 7,627 ரூபாயை வரியாகக் கட்டுகிறார். 2025 செப்டம்பரில் ஜி.எஸ்.டி. சீரமைப்பு நடந்தபோது 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டி.வி.க்கு வரி 28-லிருந்து 18 சதவிகிதமாக இறங்கியது. லேப்டாப் இருந்த இடத்திலேயே இருந்தது. சினிமா பார்க்கும் பெரிய டி.வி.க்கும் பாடம் படிக்கும் லேப்டாப்புக்கும் இப்போது ஒரே வரி!

அரசாங்கம் செய்தது என்ன?

மத்திய அரசு சும்மா இருக்கவில்லை. உலக வர்த்தக அமைப்பின் தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தத்தில் இந்தியா 1997-ல் சேர்ந்தது. அதன்படி லேப்டாப்புக்குச் சுங்க வரி கிடையாது. வரி போட்டு இறக்குமதியைத் தடுக்க வழியில்லாத நிலையில், 2023 ஆகஸ்ட் 3-ந் தேதி லைசென்ஸ் முறை அறிவிக்கப்பட்டது. எதிர்ப்புக் கிளம்பியதும் மறுநாளே அது தள்ளி வைக்கப்பட்டது. அக்டோபரில் லைசென்சுக்குப் பதிலாக, இறக்குமதிக்கு முன்கூட்டிப் பதிவு செய்து அனுமதி பெறும் முறை வந்தது.

மறுபக்கம், உள்நாட்டில் தயாரிப்போருக்கு ஊக்கத் தொகை கொடுக்க 2023 மே மாதம் சுமார் 17,000 கோடி ரூபாயில் திட்டம் போடப்பட்டது. பலன் இல்லாமல் இல்லை. சென்னைக்கு அருகே ஃப்ளெக்ஸ் தொழிற்சாலையில் எச்.பி. கம்பெனியின் குரோம்புக்குகள் 2023 அக்டோபரில் தயாராகத் தொடங்கின. எம்.எஸ்.ஐ. லேப்டாப்புகளைப் பூட்டும் சிர்மா எஸ்.ஜி.எஸ். பிரிவு 2025 ஜனவரியில் சென்னையில் தொடங்கி வைக்கப்பட்டது. பாண்டிச்சேரியில் லெனோவா ஆலை அதற்கு வெகு காலம் முன்பிருந்தே நடக்கிறது. தமிழ்நாட்டுக்கு வேலை வாய்ப்பு கிடைப்பது மகிழ்ச்சிக்குரியதே.

ஆனால் ‘இந்தியாவில் தயாரானது’ என்ற சீட்டைப் பார்த்து விலை இறங்கும் என்று எண்ணக் கூடாது. இங்கே நடப்பது பெரும்பாலும் பாகங்களைச் சேர்த்துப் பூட்டும் வேலை. பிராசசர், மெமரி, திரை ஆகிய முக்கியமான மூன்றும் வெளிநாட்டிலிருந்து வருகின்றன. சியோலில் மெமரி விலை ஏறினால் ஸ்ரீபெரும்புதூரில் பூட்டிய லேப்டாப்பும் ஏறத்தான் செய்யும்.

ஆக, விலையைக் குறைப்பது வாங்குகிறவர் கையில் இல்லை. கொடுக்கும் பணத்துக்குச் சரியான பொருளைத் தேர்ந்தெடுப்பதுதான் அவர் கையில் இருக்கிறது.

அங்குலக் கணக்கு

லேப்டாப் திரையை மூலைக்கு மூலை அளந்து அங்குலத்தில் சொல்கிறார்கள். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. சாதாரண 15.6 அங்குலத் திரை 34.5 சென்டிமீட்டர் அகலமும் 19.4 சென்டிமீட்டர் உயரமும் கொண்டது. புதிதாக வரும் 16 அங்குலத் திரைகள் பலவற்றில் அகலம் அதேதான், உயரம் 21.5 சென்டிமீட்டர். ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர் உயரம் கூடுவதால் கடிதமோ விண்ணப்பமோ கூடுதல் வரிகள் கண்ணில் படும். 17.3 அங்குலத் திரையின் உயரமும் அதே 21.5 சென்டிமீட்டர்தான், அகலம் மட்டும் அதிகம். அது இரண்டு கிலோவுக்கு மேல் எடை. காலை எட்டரை மணி லோக்கலில் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏற முடியுமா என்று யோசிக்க வேண்டும். அன்றாட வேலைக்கு 15.6 அல்லது 16 அங்குலம் தாராளம். இந்த அளவில் பெரும்பாலும் எண்களுக்குத் தனி விசைப் பகுதி இருக்கும். கணக்கு எழுதுவோருக்கு அது பெரிய சௌகரியம்.

அளவைவிட முக்கியம் திரையின் தரம். 1366-க்கு 768 என்று போட்டிருந்தால் புள்ளிகள் பத்தரை லட்சம்தான். 1920-க்கு 1080 என்றால் 20 லட்சத்துக்கு மேல். பெரிய திரையில் புள்ளி குறைந்தால் எழுத்து பிசிறடிக்கும், கண் வலிக்கும். அடுத்து, ஐ.பி.எஸ். வகைத் திரையா என்று கேட்க வேண்டும். மட்டமான திரையைப் பக்கவாட்டில் நின்று பார்த்தால் நிறம் வெளுத்துப் போகும். மூன்று பேர் சுற்றி உட்கார்ந்து பார்க்கும் வீட்டில் இது பெருங்குறை. கடையிலேயே பக்கவாட்டில் நின்று பார்ப்பதற்குக் காசு செலவில்லை.

பெயரைப் பார்த்து ஏமாறலாமா?

பிராசசர் பெயர்களில் குழப்பம் அதிகம். ரைசன் 5 என்றாலே உசத்தி என்று விற்பனையாளர் சொல்வார். ரைசன் 5 7520யு என்ற மாடல் 2022-ல் வந்தது. ஆனால் அதன் உள் அமைப்பு 2019-ல் வந்த ஜென் 2. இந்த 7000 வரிசையில் மூன்றாவது இலக்கம்தான் அமைப்பின் வயதைச் சொல்லும். 2 என்றால் பழையது. 3 என்றால் அடுத்தது. 4 என்றால் புதியது. ஆகவே 7520யு, 7530யு இரண்டும் பெயரில் அண்ணன் தம்பி போலத் தோன்றினாலும் வேலையில் ஒன்றல்ல. இன்டெல் வகையில் செலரான் போன்ற அடிமட்ட ரகங்களைப் பெரிய திரையோடு சேர்த்து மலிவாக விற்பதுண்டு. இரண்டு வருஷத்தில் அலுத்துப் போகும்.

மெமரிதான் இன்றைய முக்கியமான கேள்வி. 8 ஜி.பி. இருந்தால் வேலை நடக்கும், 16 ஜி.பி. இருந்தால் ஐந்து வருஷம் கவலையில்லாமல் நடக்கும். விலை ஏறும்போது கம்பெனிகள் முதலில் கை வைக்கும் இடம் மெமரி. பட்ஜெட் 8 ஜி.பி.க்குத்தான் இடம் கொடுக்கிறது என்றால், பிறகு மெமரி சேர்க்கக் காலி இடம் இருக்கும் மாடலாகப் பார்த்து வாங்க வேண்டும். பல மாடல்களில் மெமரியைப் போர்டிலேயே பற்றவைத்து விடுகிறார்கள். பிறகு ஒரு ஜி.பி. கூடச் சேர்க்க முடியாது. மேலே சொன்ன 7520யு வகையும் இப்படிப் பற்றவைத்த மெமரியோடுதான் வருகிறது.

பாட்டரிக்கும் ஒரு சின்னக் கணக்கு உண்டு. 42 வாட்-அவர் பாட்டரி, 10 வாட் செலவு என்றால் சுமார் நாலு மணி நேரம். ‘பத்து மணி நேரம்’ என்ற விளம்பரத்தை இந்தக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

பழைய லேப்டாப், மாதத் தவணை

கம்பெனிகள் கழித்த லேப்டாப்புகள் லாமிங்டன் ரோட்டில் மலிவாகக் கிடைக்கின்றன. வாங்குவதில் தவறில்லை. ஆனால் விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு நிறுத்திவிட்டது. பொதுவாக, இன்டெல் 8-வது தலைமுறைக்கு முந்திய லேப்டாப்புகள் விண்டோஸ் 11-க்கான பட்டியலில் இல்லை. அப்படிப்பட்டதை வாங்கினால் லினக்ஸ் போட்டுப் பயன்படுத்தலாம். பாங்க் வேலைக்குப் பழைய விண்டோஸை நம்புவது ஆபத்து. விலை மலிவு என்று அவசரப்படுவதற்கு முன் இதைக் கேட்க வேண்டும்.

‘வட்டியில்லாத் தவணை’ என்ற பலகையும் கவர்ச்சியானது. பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் பாங்க் 2013 செப்டம்பரிலேயே பாங்குகளுக்குச் சொல்லியிருக்கிறது. வட்டி விலையில் ஒளிந்திருக்கும். அல்லது ரொக்கமாக வாங்கினால் கிடைக்கும் தள்ளுபடி மறைந்திருக்கும். இரண்டு விலையையும் எழுதி வாங்கி ஒப்பிட வேண்டும்.

செய்ய வேண்டியவை

பெட்டியின் மேல் அதிகபட்ச விலை, தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளர் பெயர், மாதம், வருஷம் ஆகியவற்றைப் போட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. மெமரி பற்றவைத்ததா, கூட்டக் கூடியதா, பிராசசரின் அமைப்பு எந்த வருஷத்தது என்பவற்றையும் பெரிய எழுத்தில் போடச் சொல்வது அரசாங்கத்துக்குக் கஷ்டமான காரியம் அல்ல. அதற்கு 17,000 கோடி தேவையில்லை. ஓர் உத்தரவு போதும். குறிப்பிட்ட விலைக்குக் கீழே உள்ள லேப்டாப்புகளுக்காவது ஜி.எஸ்.டி.யைக் குறைப்பதும் அவசியம். தயாரிப்பவருக்கு ஊக்கத் தொகை கொடுக்கும் அரசாங்கம், வாங்குகிறவரையும் கொஞ்சம் திரும்பிப் பார்க்க வேண்டும்.

அதுவரை வாங்குகிறவர் நாலு கேள்விகளைச் சீட்டில் எழுதி எடுத்துக்கொண்டு போவது நல்லது. திரையில் புள்ளி எத்தனை? பிராசசரின் முழு எண் என்ன? மெமரி கூட்ட முடியுமா? ரிப்பேர் என்றால் வீட்டுக்கு வருவார்களா, சர்வீஸ் சென்டருக்குத் தூக்கிப் போக வேண்டுமா? நாலுக்கும் நேரடியாகப் பதில் சொல்லாத கடையில், திரை எத்தனை அங்குலமாக இருந்தாலும், பணத்தை எடுக்காமல் அடுத்த கடைக்கு நடக்கலாம். லாமிங்டன் ரோட்டில் கடைகளுக்குப் பஞ்சமில்லை.