பூனைக்குத் திமிரா?

பூனை வளர்க்கும் வீடுகளில் அடிக்கடி கேட்கும் புகார் ஒன்று உண்டு. "தட்டு நிறையச் சோறு வைத்தாலும் மோந்து பார்த்துவிட்டுப் போய்விடுகிறது. எல்லாம் திமிர். இரண்டு நாள் பட்டினி போட்டால் தானாக வழிக்கு வரும்" என்பார்கள். கூடவே ஒரு பழமொழியும் வந்துவிடும்: பசி ருசி அறியாது.

மாணவ நண்பர்களே, இந்தப் பழமொழி மனிதனுக்குப் பொருந்தும். நாய்க்கும் பெரும்பாலும் பொருந்தும். பூனைக்குப் பொருந்தாது என்பதே என் வாதம். அதை நம்பிப் பூனையைப் பட்டினி போட்டால் அதன் உயிருக்கே ஆபத்து நேரலாம். கல்லூரியில் இயற்பியல் நடத்தும் ஆசிரியருக்குப் பூனையின் சாப்பாட்டில் என்ன வேலை என்று கேட்பீர்கள். சற்றுப் பொறுங்கள். ஆவியழுத்தமும் தராசும் இதற்குள் வரத்தான் போகின்றன.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஆய்வுக்கூடத்தில் அம்மீட்டரின் முள் நாம் எதிர்பார்த்த இடத்தில் நிற்காவிட்டால், "அம்மீட்டருக்குத் திமிர்" என்று குறிப்பேட்டில் எழுதுவோமா? சுற்றைச் சரிபார்ப்போம், மின்கலத்தைப் பார்ப்போம். தட்டை விட்டு நகரும் பூனைக்கும் அந்த மரியாதையைக் கொடுக்கலாம் அல்லவா?

நாம் பூனைக்கு என்ன வைக்கிறோம்? பல வீடுகளில் பால் சோறு, தயிர்ச் சோறு. மீன் சமைக்கும் நாளில் குழம்பு ஊற்றிய சோறு. நமக்குச் சோற்றை மெல்ல மெல்ல ஓர் இனிப்புத் தெரியும். பாலிலும் இலேசான இனிப்பு உண்டு. பூனைக்கு இந்த இனிப்பு தெரியவே தெரியாது. நாக்கில் இனிப்பை உணரும் ஏற்பி இரண்டு புரதங்கள் சேர்ந்து உருவாவது. அவற்றுள் ஒன்றை உண்டாக்கும் மரபணு பூனையிடம் பழுதுபட்டுக் கிடக்கிறது. அமெரிக்காவில் பிலடெல்பியா நகரிலுள்ள மோனெல் ஆய்வு மையத்தினர் 2005-ல் இதைக் கண்டறிந்தனர். அந்த மரபணுவில் 247 எழுத்துகள் அளவுக்கு ஒரு துண்டு விடுபட்டுப் போயிருக்கிறது. புலியிடமும் சிவிங்கிப்புலியிடமும் இதே பழுது இருப்பதை அவர்கள் கண்டனர். ஆக, உங்கள் வீட்டுப் பூனை பாயசத்தைத் திரும்பிப் பாராமல் போனால் அது துறவறம் அன்று. நிறக்குருடு உள்ளவரிடம் சிவப்புப் பூவைக் காட்டி, "ரசிக்கத் தெரியவில்லையே" என்று நாம் குறைப்படுவது போன்றதுதான் அது.

சரி, பூனை எதைத் தேடுகிறது? 2011-ல் வெளியான ஓர் ஆய்வில், புரதம், கொழுப்பு, மாவுச்சத்து ஆகியவை வெவ்வேறு விகிதத்தில் கலந்த உணவுகளைப் பூனைகளின் முன் வைத்து, விருப்பம் போல் எடுத்துண்ண விட்டார்கள். நாளடைவில் அவை தாமாகவே ஒரு கணக்குக்கு வந்து சேர்ந்தன. உண்ட உணவின் மொத்த ஆற்றலில் ஏறத்தாழ 52 விழுக்காடு புரதத்திலிருந்தும், 36 விழுக்காடு கொழுப்பிலிருந்தும், 12 விழுக்காடு மட்டுமே மாவுச்சத்திலிருந்தும் கிடைக்கும்படி அவை பார்த்துக்கொண்டன. இப்போது நம் சோற்றைக் கணக்கிடுவோம். வடித்த சோறு 100 கிராமில் ஏறத்தாழ 130 கிலோ கலோரி ஆற்றல் இருக்கிறது, புரதம் 2.7 கிராம் அளவு. ஒரு கிராம் புரதம் 4 கிலோ கலோரி தரும். பெருக்கி வகுத்துப் பாருங்கள்: 8 விழுக்காட்டுக்குச் சற்று மேல் வரும். 52 கேட்கும் விருந்தாளிக்கு 8 வைத்துவிட்டு, "இலையில் மிச்சம் வைக்கிறான்" என்று கோபித்துக்கொள்கிறோம்!

பால் ஊற்றினால் புரதம் கூடுமே என்று சிலர் கேட்பீர்கள். கூடும். ஆனால் இங்கே ஒரு வரலாறு இருக்கிறது. இந்தக் கட்டுரையை நான் எழுத முக்கியமான காரணமே அதுதான். பாலிலுள்ள முக்கியப் புரதத்தின் பெயர் கேசீன். கேசீனையே புரதமாகக் கொண்ட உணவை நெடுநாள் உண்ட பூனைகளுக்கு விழித்திரை சிதைந்து பார்வை கெட்டது. டாரின் என்னும் பொருள் அவ்வுணவில் இல்லாததே காரணம் என்று 1975-ல் விஞ்ஞானிகள் நிறுவினர். நம் உடல் டாரினைத் தானே தயாரித்துக்கொள்ளும். பூனையின் உடலால் தேவையான அளவு தயாரிக்க இயலாது; இறைச்சியிலிருந்தும் மீனிலிருந்தும் தான் அது பெற வேண்டும். பிறகு 1987-ல், கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த பால் பியோன் குழுவினர், டாரின் குறைந்தால் பூனையின் இதயத் தசையே தளர்ந்துவிடும் என்றும், டாரின் கொடுத்தால் அது தேறும் என்றும் காட்டினர். இதன் பின்னரே பூனை உணவு தயாரிக்கும் நிறுவனங்கள் டாரினை அதிகமாகச் சேர்க்கத் தொடங்கின. இந்தக் கோணத்தில் பார்த்தால், தயிர்ச் சோற்றை விட்டு எழுந்து போகும் பூனை தன் கண்ணுக்கு நல்லதைத்தான் செய்கிறது. அறிந்து செய்வதாக நான் சொல்லவில்லை. அதன் நாக்கும் மூக்கும் அப்படி அமைந்திருக்கின்றன. பாலிலுள்ள சர்க்கரை வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குச் செரிக்காமல் வயிற்றுப்போக்கு ஏற்படுவது தனிக் கதை.

சைவம் உண்ணும் குடும்பத்து மாணவர்களுக்கு இவ்விடத்தில் சங்கடம் ஏற்படும் என்று அறிவேன். இதில் என் கருத்து சற்றுக் கடுமையானது. நம் உணவுக் கொள்கை நம்முடையது. பூனை அதில் கையெழுத்திடவில்லை. டாரின் முதலியன சேர்த்து முழு உணவாகத் தயாரித்த பூனை உணவு இன்று கடைகளில் கிடைக்கிறது. அதை வாங்கி வைக்கலாம். அதுவும் முடியாது, வெளியே போய் எலி பிடிக்கவும் விடமாட்டோம் என்பவர்கள் பூனையை அடைத்து வளர்க்காமல் இருப்பதே நல்லது. முட்டை போதாதா என்பார்கள். முட்டையில் நல்ல புரதம் உண்டு. டாரின் இல்லை என்றே சொல்லலாம்.

மீன் வைக்கும் வீட்டாரும் பெருமைப்பட வேண்டாம்! குழம்பில் ஊறிய மீனில் வெங்காயமும் பூண்டும் ஏறியிருக்கும். இவை இரண்டும் பூனையின் சிவப்பணுக்களைச் சிதைத்துச் சோகையை உண்டாக்கும். மசாலா சேர்க்கும் முன்பே பூனையின் பங்கைத் தனியே எடுத்து, முள் நீக்கி, வெறுமனே வேகவைத்து விடுங்கள். வேகவைத்த நீரைக் கொட்டிவிடாதீர்கள். டாரின் நீரில் கரையும். பாதிச் சத்து அந்த நீரில் இருக்கலாம். பச்சை மீனே இயற்கை உணவு என்று அப்படியே கொடுப்பதும் சரியன்று. சில மீன்களில் வைட்டமின் பி1-ஐ அழிக்கும் நொதி இருக்கிறது; கொதிக்க வைத்தால் அந்த நொதி செயலிழக்கும்.

இப்போது இயற்பியலுக்கு வருவோம். நல்ல மீனைத்தான் வைத்தோம். அப்போதும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஏன்? மீன் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து நேராகத் தட்டுக்கு வந்திருந்தால் பாதி விடை கிடைத்துவிட்டது.

நம் நாக்கில் ஆயிரக்கணக்கான சுவை மொட்டுகள் உள்ளன. பூனையின் நாக்கில் சில நூறுதான். உண்ணலாமா, கூடாதா என்ற தீர்ப்பைப் பூனை பெரும்பாலும் மூக்கைக் கொண்டே வழங்குகிறது. மணம் மூக்கை எட்ட வேண்டுமானால், உணவிலுள்ள மணமூட்டும் மூலக்கூறுகள் ஆவியாகிக் காற்றில் கலக்க வேண்டும். வெப்பநிலை உயர்ந்தால் ஆவியழுத்தம் உயரும் என்பதைப் பாடத்தில் படித்திருப்பீர்கள். எவ்வளவு உயரும்? தண்ணீரையே எடுத்துக்கொள்ளுங்கள். 5 டிகிரி செல்சியசில் அதன் ஆவியழுத்தம் ஏறத்தாழ 6.5 மில்லிமீட்டர் பாதரசம். 37 டிகிரியில் ஏறத்தாழ 47. ஏழு மடங்கு! மணப் பொருள்களுக்கு எண்கள் வேறாக இருக்கும், போக்கு இதேதான். குளிர்ந்த மீன் பூனையின் மூக்குக்கு ஏறக்குறைய ஊமை. அப்போதுதான் பிடித்த எலியோ எலியின் உடல் வெப்பத்தில் இருக்கும். பூனையின் மூதாதையான ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை அந்தச் சூட்டில் உண்டு பழகியது. 2022-ல் வெளியான ஓர் ஆய்வில் 7 வயதைக் கடந்த பூனைகளுக்கு ஒரே உணவை 6, 21, 37 டிகிரிகளில் வைத்துப் பார்த்தனர். 37 டிகிரி உணவையே அவை அதிகம் விரும்பின. சளி பிடித்து மூக்கடைத்த பூனை சாப்பிடாமல் கிடப்பதற்கும் இதுவே விளக்கம்.

இன்னொரு காரணம் நினைவு. 1955-ல் ஜான் கார்சியா என்ற விஞ்ஞானியும் அவருடைய சகாக்களும் எலிகளுக்குச் சாக்கரின் கலந்த இனிப்பு நீரைக் கொடுத்து, அதே வேளையில் காமாக் கதிர்களைப் பாய்ச்சினர். கதிர்வீச்சால் குமட்டல் கண்ட எலிகள் பிறகு அந்த இனிப்பு நீரையே வெறுத்தன. இவ்வகை வெறுப்பு ஒரே அனுபவத்தில் படிந்துவிடக் கூடியது; பூனைக்கும் அப்படித்தான். ஆகவே கசப்பு மாத்திரையை அதற்கு மிகப் பிடித்த மீனுக்குள் ஒளித்துவைக்கும் தந்திரம் வேண்டாம். மாத்திரையும் போகும், மீனும் போகும்.

இத்தனையும் சொன்னதால் பூனை எப்போதும் உத்தமம் என்று எண்ணிவிடாதீர்கள். முகத்தைத் திருப்பினால் இதைவிட நல்லது வரும் என்று கற்றுக்கொண்ட பூனைகளும் உண்டு. கற்றுக்கொடுத்தவர்கள் நாம்தாம். அடுத்த வீட்டில் முதல் பந்தி முடித்துவிட்டு நம் வீட்டில் விரதம் காக்கும் பூனைகளையும் நான் அறிவேன். இவற்றுக்கும் பட்டினி மருந்தன்று. புதிய உணவைப் பழைய உணவோடு சிறிது சிறிதாகக் கலந்து, ஒரு வாரத்தில் விகிதத்தை மாற்றுங்கள். சிறு அளவாகப் பல வேளை வையுங்கள். ஓர் எலி என்பது சுமார் 30 கிலோ கலோரிதான், பூனையின் வயிறு அந்த அளவுக்குப் பழகியது.

பட்டினி ஏன் ஆபத்து? உணவு குறையும்போது நம் உடல் புரதத்தை எரிப்பதைக் குறைத்துச் சிக்கனமாக நடந்துகொள்ளும். பூனையின் கல்லீரலால் அந்த அளவுக்குச் சிக்கனம் பிடிக்க இயலாது. சில நாள்கள் தொடர்ந்து உண்ணாவிட்டால், அதிலும் பருத்த பூனையாக இருந்தால், உடலிலுள்ள கொழுப்பு திரண்டு வந்து கல்லீரலில் படிந்து அதைச் செயலிழக்கச் செய்துவிடும். சிகிச்சையின்றி விட்டால் பூனை இறந்துபோகும். "வழிக்கு வரும்" என்று நாம் காத்திருக்கும் அந்த இரண்டு மூன்று நாள்களே நோய் வேர்விடும் நாள்களாக இருக்கலாம். வழக்கமாக உண்ணும் பூனை ஒரு நாள் முழுவதும் எதையும் தொடவில்லை என்றால், கால்நடை மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள். பல் வலியோ, வாய்ப்புண்ணோ, சிறுநீரகக் கோளாறோ இருக்கலாம். பெரியவர்கள் நாளைக்குப் பார்க்கலாம் என்றால், நாசூக்காக மறுத்துப் பேசுங்கள். இந்தப் பக்கத்தைக் காட்டினாலும் சரி.

நலமான பூனையாக இருந்தால் சோதனையில் இறங்கலாம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்பது நமக்குத் தெரிந்த விதி. உணவு, தட்டு, இடம், வெப்பநிலை ஆகியவற்றில் வெப்பநிலையை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஒரே மீனில் இரண்டு 25 கிராம் பங்கு போடுங்கள். ஒன்று குளிர்ச்சியாகவும், மற்றொன்று கிண்ணத்தோடு வெந்நீரில் வைத்து இளஞ்சூடாகவும் இருக்கட்டும். மணிக்கட்டில் தொட்டால் சுடக் கூடாது. இரண்டையும் ஒரே மாதிரித் தட்டுகளில் அருகருகே வையுங்கள். இருபது நிமிடம் கழித்து எடுத்து, மிச்சத்தை எடை போடுங்கள். மறுநாள் தட்டுகளை இடம் வலம் மாற்றுங்கள். எப்போதும் இடப்பக்கத் தட்டுக்கே போகும் பூனைகள் உண்டு. பத்து நாள் எண்களாவது இல்லாமல் முடிவு எதுவும் சொல்லாதீர்கள்.

ஒரு பொறி மட்டும் இருக்கிறது. எடை குறைந்தது முழுவதும் பூனையின் வயிற்றுக்குள் போனதாகக் கணக்கிட்டுவிடாதீர்கள். நீர் ஆவியாகிப் போயிருக்கும். அதுவும் சூடான தட்டிலிருந்து கூடுதலாக. ஆகவே குளிர்ந்த மீனில் ஒன்றும், சூடான மீனில் ஒன்றுமாக மேலும் இரண்டு தட்டுகளைப் பூனைக்கு எட்டாத உயரத்தில் அதே இருபது நிமிடம் வைத்திருங்கள். அவற்றில் குறைந்த எடையைக் கழித்தால் உண்மையான எண் கிடைக்கும். எறும்பு வராமல் இருக்கத் தட்டுகளைத் தண்ணீர்த் தாம்பாளத்தில் வைப்பீர்களானால், எடை போடுமுன் தட்டின் அடியைத் துடைத்துவிடுங்கள்.