அச்சில் வராத வண்ணம்

பெங்களூரில் தைல ஓவியம் பழகுபவர் டிஷியனைப் பிரதி எடுக்க உட்கார்ந்தால், அவர் முன்னே இருப்பது அச்சுப்படம் அல்லது கணினித் திரை. அசல் மாட்ரிட்டிலோ வெனிஸிலோ இருக்கிறது.

உருவ அமைப்பைக் கற்க அச்சுப்படம் போதும். படத்திலும் கித்தானிலும் ஒரே விகிதத்தில் கட்டம் போட்டு வரைந்தால், நீட்டிய ஒரு கை பார்வையை அடுத்தவர் தோளுக்கு எப்படி நகர்த்துகிறது என்று புரிந்துவிடும். வண்ணம்தான் ஏமாற்றும். உடலின் நிறத்தை டிஷியன் கலவைத் தட்டிலேயே முடித்துவிடுபவர் அல்ல. அடிவண்ணம் காய்ந்த பிறகு, ஒளி ஊடுருவும் மெல்லிய பூச்சுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றுவார். அச்சில் இதெல்லாம் ஒரே பழுப்பு. அந்தப் பழுப்பைக் குழைத்து அப்புபவருக்குக் கிடைப்பது டிஷியன் அல்ல, அச்சுப்படத்தின் பிரதி. அடிப்பூச்சில் எண்ணெய் குறைவாகவும் மேற்பூச்சில் கூடுதலாகவும் இருக்க வேண்டும், மாறினால் பிற்பாடு வெடிப்பு விடும் என்பதையும் எந்த அச்சுப்படமும் சொல்லாது.

ரூபன்ஸுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. 1628-29ல் மாட்ரிட்டில் டிஷியனின் 'ஆதாமும் ஏவாளும்' ஓவியத்தை அசலின் முன் நின்றே பிரதி எடுத்தார். அப்போதே ஐம்பதைத் தாண்டிய, புகழ்பெற்ற ஓவியர். ஆதாமின் சாய்வை மாற்றி, ஒரு கிளியையும் சேர்த்துவிட்டார்! இரண்டும் இன்று பிராடோ அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

நம் ஊர்க் கதை வேறு. திருவனந்தபுரம் அரண்மனையில் தைல ஓவியம் தெரிந்திருந்த மதுரை ராமசாமி நாயக்கர், இளம் ரவி வர்மாவுக்குக் கற்றுத்தர மறுத்தார் என்கின்றன வாழ்க்கை வரலாறுகள். அவருடைய சீடர் ஆறுமுகம் பிள்ளைதான் ரகசியமாக உதவினாராம். 1868ல் வந்த ஐரோப்பிய ஓவியர் தியோடர் ஜென்சனும் பாடம் சொல்லவில்லை. தான் வரைவதைப் பார்க்க மட்டும் அனுமதித்தார். ரவி வர்மாவுக்கு அப்போது வயது இருபது. ஈர வண்ணம் கித்தானில் ஏறுவதை நேரில் பார்த்ததே அவருக்குப் பெரிய பாடம்.

பெங்களூரின் பெருமைக்குரிய கே. வெங்கடப்பா நீர்வண்ணக்காரர். அவர்கூட கல்கத்தாவில் பயின்ற நாட்களில், அஜந்தா ஓவியங்களைப் பிரதி எடுக்கக் குகைக்கே போனவர்.

மாட்ரிட் தூரம், மைசூர் சில மணி நேரம்தான். ஜெகன்மோகன் அரண்மனையில் ரவி வர்மாவின் அசல்கள் இருக்கின்றன. டிஷியனைத் தொடுமுன் அங்கே ஒரு நாள் செலவிடலாம். நேர் எதிரே நின்றால் கதைதான் தெரியும். சற்றுப் பக்கவாட்டில் நகர்ந்து, ஒளி சாய்வாக விழும் கோணத்தில் பார்த்தால்தான் வண்ணம் எங்கே தடித்திருக்கிறது, எங்கே மெலிந்திருக்கிறது என்பது பிடிபடும்.