போதும் மிக்ஸி... பருக்கை பழகட்டும் பிள்ளை!

"அரைச்சுக் கொடுத்தாத்தான் இறங்குது. ஒரு பருக்கை நாக்குல பட்டாலும் ஓங்கரிச்சுத் துப்பிடுறான். வயசு ஒண்ணேகால் ஆகப்போகுது!"

காரைக்காலில் ஆகட்டும், பக்கத்தில் நிரவி, திருநள்ளாறு, கோட்டுச்சேரியில் ஆகட்டும், கைக்குழந்தைக்காரிகள் நாலு பேர் கூடினால் இந்தப் புலம்பல் கேட்காமல் இருக்காது. "எல்லாம் தானா சரியாப் போயிடும்" என்று பக்கத்திலிருப்பவர்கள் ஆறுதல் சொல்வார்கள். சில குழந்தைகளுக்குச் சரியாகியும் விடுகிறது. ஆனால் 'தானாக' என்று காத்திருப்பதுதான் பல வீடுகளில் வினையாகிறது என்பது என் கருத்து.

நடப்பதைப் பாருங்கள். ஆறு மாதம் முடிந்ததும் சோறூட்டுகிறோம். சாதம், பருப்பு, கேரட் எல்லாவற்றையும் ஒன்றாக வேகவைத்து மிக்ஸியில் ஒரு சுற்று. வழவழவென்று வருகிறது. குழந்தையும் மறுக்காமல் விழுங்குகிறது. வேலை சுலபம், மனசுக்கும் நிம்மதி. எட்டாம் மாதமும் அதே மிக்ஸி, பத்தாம் மாதமும் அதே மிக்ஸி. முதல் பிறந்த நாளுக்கு கேக் வெட்டும்போதுதான், 'அட, இவனுக்கு மெல்லவே தெரியலையே!' என்று திடுக்கிடுகிறோம்.

மெல்லுவது ஒரு பழக்கம்

பால் குடிப்பதற்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். பிறந்த குழந்தைக்கே தெரியும். மெல்லுவது அப்படியில்லை, நடை பழகுவது மாதிரி பழகிப் பழகி வருவது. முதலில் குழந்தையின் நாக்கு முன்னும் பின்னும்தான் போய்வரும். ஏழெட்டு மாத வாக்கில்தான் பக்கவாட்டில் திரும்பி, உணவை ஈறுகளுக்கு நடுவே தள்ளக் கற்கிறது. தள்ளுவதற்கு வாயில் ஏதாவது இருந்தால்தானே கற்கும்? வழவழப்பான கூழுக்கு நாக்கு திரும்ப வேண்டிய வேலையே இல்லை. அது பாட்டுக்கு வழுக்கிக்கொண்டு போய்விடும்.

"பல்லு முளைக்கட்டுமே, என்ன அவசரம்?" என்று கேட்கும் மாமியார்களுக்கு ஒரு வார்த்தை. கடைவாய்ப்பல் வர ஒரு வயது தாண்டிவிடும். முன்பல்லோ கடிக்கத்தான், அரைக்க அல்ல. குழைய வெந்த சோற்றையும் இட்லியையும் நசுக்க ஈறே போதும். உங்கள் ஆள்காட்டி விரலைக் குழந்தையின் வாயில் வைத்துப் பாருங்கள், அந்த ஈறு எவ்வளவு அழுத்தமானது என்று தெரியும்!

இங்கிலாந்தில் பிரிஸ்டல் வட்டாரத்தில் 1990-களின் தொடக்கத்தில் பிறந்த ஆயிரக்கணக்கான குழந்தைகளைப் பல ஆண்டுகளாகப் பின்தொடர்ந்து ஓர் ஆய்வு நடக்கிறது. பத்து மாதத்துக்குப் பிறகே கட்டியான, பருக்கையான உணவைப் பார்த்த குழந்தைகள் பதினைந்து மாதத்தில் சாப்பாட்டுக்கு அதிகம் படுத்துவதாக 2001-ல் அதிலிருந்து தெரிந்தது. அதே குழந்தைகள் ஏழு வயதிலும் காய், பழம் குறைவாகவே சாப்பிடுவதாக 2009-ல் வந்த அறிக்கை சொன்னது. தாமதம் ஒன்றே காரணம் என்று அடித்துச் சொல்லிவிட முடியாது. இயல்பிலேயே படுத்தும் குழந்தைக்குத் தாய் பயந்து தள்ளிப் போட்டிருக்கலாம். இருந்தாலும், தள்ளிப் போட்டதால் லாபம் எதுவும் இல்லை என்பது நிச்சயம்.

வயிறு நிறையும், சத்து நிறையாது

இன்னொரு சங்கதியும் இருக்கிறது. மிக்ஸி நன்றாகச் சுற்ற வேண்டுமென்றால் தண்ணீர் விட்டாக வேண்டும். எட்டு கிலோ எடையுள்ள குழந்தையின் வயிறு ஒரு வேளைக்குக் கொள்வது ஏறக்குறைய 240 மில்லி, அதாவது ஒரு டம்ளர். அதில் பாதி தண்ணீராகவே போனால் சத்துக்கு இடம் எங்கே? வயிறு நிறைந்த குழந்தை வாயை மூடிக்கொள்ளும். "நல்லாத்தான் சாப்பிடுறா, ஆனா எடை ஏறலை" என்ற புகாருக்கு இதுவும் ஒரு காரணம்.

2019-21-ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பைப் பாருங்கள். ஆறு மாதத்திலிருந்து இரண்டு வயது வரையிலான இந்தியக் குழந்தைகளில் போதுமான உணவு கிடைப்பது நூற்றுக்குச் சுமார் 11 பேருக்குத்தான். ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் நூற்றுக்கு 67 பேருக்கு ரத்தசோகை. ஏழை வீட்டுக் கணக்கு மட்டும்தான் இது என்று நினைத்துவிடாதீர்கள். வசதி இருந்தும் நீர்த்த கூழோடு நிற்கும் வீடுகளும் இதில் சேர்த்திதான்.

பிரான்ஸே மாறிவிட்டது!

காரைக்காலுக்கும் இந்தக் கூழுக்கும் ஒரு விசேஷ உறவு உண்டு. 1739-லிருந்து 1954 வரை இது பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊர். நைசாக மசித்த உணவுக்கு உலகமே சொல்லும் 'பூரே' என்ற வார்த்தையும் பிரெஞ்சுதான். பாரீஸில் சொந்தபந்தம் உள்ள குடும்பங்கள் இன்றும் இங்கே நிறைய. விடுமுறைக்கு வரும் பெட்டியில் குழந்தைக்கான குட்டி கண்ணாடி ஜாடிகளும் வருவதுண்டு. "ஃப்ரான்ஸ்ல இதான் கொடுக்கிறாங்க" என்று சொன்னால் மறுபேச்சு கிடையாது.

ஆனால் அந்த பிரான்ஸின் பொது சுகாதாரத் துறை 2021-ல் பெற்றோருக்குக் கொடுத்த புதிய வழிகாட்டுதல் என்ன தெரியுமா? எட்டு மாத வாக்கிலேயே வழவழப்பை விட்டுவிட்டு, மசித்த உணவுக்கும் மிருதுவான சிறு துண்டுகளுக்கும் பழக்குங்கள் என்பதுதான். பூரேயின் தாய்வீடே மாறிவிட்டது, நாம் மாறக்கூடாதா?

பாட்டியிடம் எடுப்பதும் விடுவதும்

நம் பாட்டிமார் மிக்ஸியைப் பார்த்ததில்லை. குழைந்த சோற்றில் பருப்பும் நெய்யும் விட்டுக் கையாலேயே பிசைந்தார்கள். நாள் ஆக ஆக அந்தக் கை தானாகவே குறைவாகப் பிசைந்தது. குழந்தைக்குத் தெரியாமலே பருக்கை பழகியது. எந்த இயந்திரத்துக்கும் இந்தச் சூட்சுமம் வராது.

அதற்காகப் பாட்டி செய்ததெல்லாம் சரி என்று நான் சொல்ல வரவில்லை. சங்கில் கஞ்சியை ஊற்றி, மூக்கைப் பிடித்துப் புகட்டியது தவறு. நாக்கில் தேன் தடவியது தவறு, ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது. வடித்த கஞ்சித் தண்ணீரைச் சாப்பாடு என்று நம்பியதும் தவறு. அந்தக் கையை மட்டும் எடுத்துக்கொள்வோம். நன்றாகச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகு!

எப்படிப் பழக்குவது?

ஆறு மாதம் முடிந்ததும்: குழைய வேகவைத்த சாதமும் பாசிப்பருப்பும், துளி நெய்யோடு, கரண்டியால் நன்றாக மசித்து. ஸ்பூனைச் சாய்த்தால் ஒழுகி ஓடக்கூடாது, நிற்க வேண்டும். இரண்டு மூன்று ஸ்பூனில் ஆரம்பித்து, போகப் போக அரைக் கிண்ணம்.

ஏழு மாதம்: அதே உணவு, மசிப்பது பாதி. இங்கொன்றும் அங்கொன்றுமாய்ப் பருக்கை தெரியட்டும். பால் விட்டுப் பிசைந்த இட்லி, மசித்த சர்க்கரைவள்ளி, முட்டையின் மஞ்சள் கரு.

எட்டு, ஒன்பது மாதம்: கையில் பிடித்துத் தின்ன விடுங்கள். இட்லித் துண்டு, வாழைப்பழம், வெந்த பூசணி, கேரட். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே அழுத்தினால் நசுங்க வேண்டும். அதுதான் பரீட்சை.

பத்து மாதம்: தேங்காய்ப்பாலில் ஊறிய இடியாப்பம், குழைவான பொங்கல், முள் நீக்கிய மீன். கடற்கரை ஊரில் இருந்துகொண்டு மீனுக்கு யோசிக்கலாமா? கிழங்கான், கொடுவா போன்றவற்றை ஆவியில் வேகவைத்து, ஒவ்வொரு இழையாக விரலால் தடவிப் பார்த்துக் கொடுங்கள். சுறா மட்டும் வேண்டாம், அதில் பாதரசம் சேர வாய்ப்பு அதிகம்.

ஒரு வயது: வீட்டார் சாப்பிடுவதே, காரம் இல்லாமல், உப்பை அடக்கி. ஒரு வயது வரை உப்பும், இரண்டு வயது வரை சர்க்கரையும் தனியாகச் சேர்க்கத் தேவையில்லை. தாய்ப்பால் இரண்டு வயதுக்கும் தொடரட்டும்.

இதில் பலர் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. நைசான கூழிலிருந்து ஒரே தாவாக ரசம் சாதத்துக்கோ, காய்த்துண்டு மிதக்கும் சாம்பாருக்கோ போய்விடுகிறார்கள். தண்ணீரும் துண்டும் கலந்து வருவதுதான் குழந்தைக்கு மிகவும் கஷ்டம். தண்ணீரை விழுங்குவதா, துண்டை மெல்லுவதா என்று நாக்கு தடுமாறிப் போகும். முதலில் கெட்டி, பிறகு பருக்கை, கடைசியில்தான் ரசம்.

ஆனி மாதம் மாங்கனித் திருவிழாவில் இறைக்கிற மாம்பழத்தைப் பிள்ளை வரம் வேண்டிப் பக்தியோடு சாப்பிடும் தம்பதிகள் உண்டு. அப்படி வேண்டிப் பெற்ற பிள்ளைக்கு மாம்பழத்தை ஜூஸாக்கி வடிகட்டிக் கொடுப்பானேன்? கனிந்த பழத்தில் நீளவாக்கில் ஒரு துண்டு சீவி, கையில் கொடுங்கள். சட்டையெல்லாம் மஞ்சளாகும். ஆகட்டுமே!

பயம் நியாயமானதுதான்

"தொண்டையில சிக்கிட்டா என்ன பண்றது?" தாய்மார்கள் மிக்ஸியை விடாததற்கு இந்தப் பயம்தான் காரணம். அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஓங்கரிப்பது வேறு, அடைத்துக்கொள்வது வேறு. ஓங்கரிக்கும் குழந்தை சத்தம் போடும், இருமும், முகம் சிவக்கும், துண்டை முன்னால் தள்ளும். அது உடம்பே வைத்திருக்கும் பாதுகாப்பு, பழகப் பழகக் குறையும். பதறி வாய்க்குள் விரலை விடாதீர்கள்.

அடைத்துக்கொண்டால் சத்தமே வராது. இரும முடியாது, உதடு நீலம் பூக்கும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையானால், உடனே உங்கள் முன்னங்கையில் குப்புறப் படுக்கவைத்து, தலை தாழ இருக்கும்படி பிடித்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கை அடியால் ஐந்து தட்டு. வெளியே வராவிட்டால் மல்லாத்தி, நெஞ்செலும்பின் நடுவில் ஐந்து அழுத்து. வரும்வரை மாற்றி மாற்றிச் செய்யுங்கள். இன்னொருவர் 108-ஐ அழைக்கட்டும். இதை அம்மா மட்டுமல்ல, அப்பாவும் தாத்தா பாட்டியும் கற்றுவைத்திருக்க வேண்டும்.

வேர்க்கடலை, முந்திரி, முழு திராட்சை, பச்சைக் கேரட், கெட்டி மிட்டாய் இவை நாலைந்து வயது வரை முழுசாக வேண்டாம். சாப்பிடும்போது குழந்தை நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும், நீங்களும் எதிரில் இருக்க வேண்டும். படுத்துக்கொண்டோ, ஓடிக்கொண்டோ, செல்போனைப் பார்த்துக்கொண்டோ கூடாது. படத்தைப் பார்த்து வாயைத் திறக்கும் குழந்தைக்கு, வாயில் என்ன இருக்கிறது என்றே தெரியாது!

குறைமாதத்தில் பிறந்த குழந்தை, அண்ணப்பிளவு உள்ள குழந்தை, ஒவ்வொரு வேளையும் இருமித் திணறும் குழந்தை, எடை ஏறாத குழந்தை... இவர்களுக்கு மட்டும் குழந்தை மருத்துவரைக் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள்.

ஒன்றேகால் வயதாகியும் அரைத்ததையே கேட்கும் பிள்ளையா? காலம் கடந்துவிடவில்லை. ஒரே நாளில் மாற்றாமல், வாரத்துக்கு ஒரு படி ஏற்றுங்கள். துப்பினால் திட்டாமல், இரண்டு நாள் விட்டு மறுபடி கொடுங்கள். ஒரு புது உணவு பிடித்துப்போக எட்டுப் பத்து முறை ஆகலாம். உங்களோடு உட்கார வைத்து, நீங்கள் மெல்லுவதைப் பார்க்க விடுங்கள்.

மிக்ஸியைச் சட்னிக்கு வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய மதியச் சாப்பாட்டிலேயே பிள்ளைக்குக் கையால் ஒரு பிடி பிசைந்து கொடுங்கள்.