கூப்பிட்டார்களாம்

டிங் டோங்.

அவ்வளவுதான். அது யாருக்கு அடித்த மணி என்று எனக்குத் தெரியாது. என் கையில் ஒரு துண்டுச் சீட்டு இருக்கிறது, அதில் என் நம்பர் அச்சாகியிருக்கிறது, சுவரில் தொங்கும் திரையில் அந்த நம்பர் சிவப்பாக வந்து போகும் என்கிறார்கள். சிவப்பு எப்படி இருக்கும் என்பது எனக்கு ஆறு வயதோடு மறந்துவிட்டது.

கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸில் உடம்பு பிடித்துவிட்டுப் பிழைப்பவன் நான். 31 வருஷமாக இதே தொழில். வெளியூரில் இருப்பவர்களுக்கு பிரிக்ஃபீல்ட்ஸ் என்றால் வாழையிலைச் சாப்பாடும் புடவைக் கடையும்தான் ஞாபகம் வரும். எங்களுக்கு அது வேறு ஊர். 1951-இல் தொடங்கிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இங்கேதான் ஜாலான் தெபிங்கில் இருக்கிறது. சங்கத்தின் கர்னி பயிற்சி மையத்துக்கு நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் கண் தெரியாத பிள்ளைகள் வந்தார்கள். தொழில் கற்றவர்கள் ஊருக்குத் திரும்பாமல் இங்கேயே மாடியறை வாடகைக்கு எடுத்துத் தங்கிவிட்டோம். இந்த வட்டாரத்தில் வெள்ளைக் கோல் ஒன்றும் அதிசயமில்லை. அரசாங்க கிளினிக்கில் மட்டும் அது இன்றைக்கும் அதிசயம்.

எந்தக் கிளினிக் என்று சொல்லப் போவதில்லை. சொன்னால் அங்கே இருக்கும் நாலு நல்ல மிஸ்ஸிகளின், அதாவது நர்ஸுகளின், தலைதான் முதலில் உருளும்.

எனக்குச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உண்டு. போன முறை ரத்தம் எடுக்கும் நாள். ராத்திரி 10 மணிக்கு மேல் பச்சைத் தண்ணீர் தவிர ஒன்றும் கூடாது. காலை ஏழு மணிக்கெல்லாம் போய்விட்டேன். நம்பர் எடுக்கும் இயந்திரம் தொடுதிரை. தொட்டால் எல்லா இடமும் ஒரே கண்ணாடி. வாசலில் நின்ற காவலாளியைக் கேட்டேன். அவர் அமுக்கிச் சீட்டை எடுத்துக் கொடுத்து, "1043, அங்கிள்" என்றார். பக்கத்து நாற்காலியில் இருந்த அம்மாவிடம் திரையில் எத்தனை ஓடுகிறது என்று கேட்டேன். 1009 என்றார்.

சரி, இன்னும் 34 டிங் டோங். எண்ணத் தொடங்கினேன்.

எண்ணிப் புண்ணியமில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. பதிவுக்கு ஒரு வரிசை எண், ரத்தப் பரிசோதனைக்கு ஒன்று, தாய் சேய்ப் பிரிவுக்கு ஒன்று, மருந்துக்கு ஒன்று. நாலுக்கும் அதே மணிதான். நான் 34 எண்ணி எழுந்து போனால் என் முறை வர இன்னும் வெகுநேரம் இருந்தது. திரும்பி வந்து உட்கார்ந்தேன். நம்பர் பார்த்துச் சொன்ன அம்மா எழுந்து போய்விட்டார். அந்த நாற்காலியில் வந்தவர் தொலைபேசியில் யாரோடோ சண்டை போட்டுக்கொண்டிருந்தார். பத்தரை மணிக்கு மேல் கை லேசாக நடுங்க ஆரம்பித்தது. கோலைத் தட்டிக்கொண்டு கவுண்டருக்குப் போய்ச் சீட்டை நீட்டினேன்.

"சுடா பங்கில், பாக்சிக். தீகா காலி."

கூப்பிட்டார்களாம். மூன்று தடவை. வேறு நம்பர் எடுத்துக்கொண்டு வரச் சொன்னார்கள்.

எந்த வாயால் கூப்பிட்டீர்கள்? அந்தக் கூடத்தில் இருந்த எத்தனை பேர் காதில் என் நம்பர் விழுந்தது? கண்ணுக்குக் காட்டியதைக் கூப்பிட்டது என்று எந்த மொழியில் சொல்வார்கள்? எனக்கு மலாய் நன்றாகவே தெரியும். 'பங்கில்' என்றால் குரல் கொடுப்பது என்றுதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்.

இதைவிட வயிற்றெரிச்சல் ஒன்று இருக்கிறது. அந்த இயந்திரம் ஊமையில்லை. மூன்று வருஷத்துக்கு முன்பு வரை அதில் ஒரு பெண் குரல் இருந்தது. நம்பரையும் கவுண்டர் எண்ணையும் நிறுத்தி நிதானமாக மலாயில் சொல்லும். அந்தக் குரல் இருந்தவரை எனக்கு யார் தயவும் தேவைப்படவில்லை. ஒரு நாள் போனபோது அது இல்லை. கெட்டுப்போச்சா என்று கேட்டேன். இல்லையாம், அடைத்துவிட்டார்களாம். நாள் பூராவும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கவுண்டரில் இருப்பவர்களுக்குத் தலைவலி வருகிறதாம். அவர்கள் தலைவலியை நான் குறை சொல்லவில்லை. எட்டு மணி நேரம் அதைக் கேட்டால் எனக்கும் வரும். ஆனால் ஒரு பொத்தானைத் திருகி இந்தப் பக்கத்துத் தலைவலியை அந்தப் பக்கம் தள்ளிவிட்டார்களே, அந்தப் பக்கம் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒருவராவது எட்டிப் பார்த்தார்களா? புகார்ப் பெட்டி இருக்கிறது, எழுதிப் போடுங்கள் என்றார்கள். பேனாவும் கொடுத்தார்கள்.

பணம் கேட்டு அலைக்கழித்தார்கள் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். குடிமக்களுக்கு இங்கே ஒரு வெள்ளிதான் கட்டணம். என்னிடம் ஓகேயு அட்டை, அதாவது உடற்பேறு குறைந்தோர் அட்டை, இருப்பதால் அந்த ஒரு வெள்ளியும் இல்லை. இந்த விஷயத்தில் நம் நாட்டுக்குக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள், பணமும் வேண்டாம் என்கிறார்கள். உள்ளே போனபிறகு கண்ணை மட்டும் கேட்கிறார்கள்.

இப்போது செயலி வழியாக முன்பதிவு செய்யலாம், காத்திருக்கவே வேண்டாம் என்கிறார்கள். என் தொலைபேசி திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும். அந்தச் செயலிக்குள் நுழைந்தால் அது "பட்டன், பட்டன், பட்டன்" என்று மட்டும் சொல்கிறது. எந்த பட்டன் எதற்கு என்று பெயர் வைக்க யாருக்கும் தோன்றவில்லை. கிள்ளானில் இருக்கும் என் அண்ணன் மகள்தான் அங்கிருந்தபடி தேதி எடுத்துத் தருகிறாள். நான் சொல்லச் சொல்ல இதைத் தட்டிக்கொண்டிருப்பவளும் அவள்தான். "சித்தப்பா, கொஞ்சம் மெதுவா" என்கிறாள்.

டாக்டர் அறைக்குள் நடப்பது வேறு கதை. ஒரு தடவை கிரேப் டாக்சி ஓட்டி வந்த தம்பி, பாவம், நல்ல பிள்ளை, என்னை அறை வரைக்கும் கைபிடித்துக் கொண்டுவந்து விட்டார். டாக்டர் அவரைப் பார்த்து, "இவருக்குச் சர்க்கரை எத்தனை வருஷமா? மருந்து ஒழுங்கா சாப்பிடுறாரா?" என்று கேட்கிறார். அந்தத் தம்பிக்கு என்னைப் பத்து நிமிஷமாகத்தான் தெரியும். "டாக்டர், எனக்குக் கண்தான் இல்லை, காது இருக்கு" என்றேன். சிரித்தார்கள். நான் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

மருந்துக்கு வருகிறேன். உயிர் போகிற இடம் அதுதான். எனக்கு நாலு வகை மாத்திரை. ஒவ்வொன்றும் ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் வரும். பையின் மேல் ஒட்டிய காகிதத்தில் மலாயில் எல்லாம் எழுதியிருக்கும். எனக்கு அது வெறும் வழவழப்பு. அழுத்த மாத்திரைப் பைக்கு ஒரு ரப்பர் வளையம், சர்க்கரையின் கிளிக்லசைடுக்கு இரண்டு, மெட்ஃபார்மினுக்கு மூன்று, கொழுப்புக்கு ஒன்றுமில்லை. இப்படித்தான் காலம் ஓடியது. கொள்முதல் மாறினால் கம்பெனி மாறும், மாத்திரையின் உருவமும் அளவும் மாறும். நீளமாக இருந்தது ஒரு மாதம் உருண்டையாக வரும். கொடுக்கிறவருக்குப் பெயர் ஒன்றுதான், மருந்தும் ஒன்றுதான். என் விரலுக்கு அது அந்நியன்.

அப்படி மாறி வந்த ஒரு மாதம், பையைப் பிரித்து அடுக்கியபோது வளையங்களை மாற்றிப் போட்டுவிட்டேன். அழுத்த மாத்திரை என்று நினைத்துக் கிளிக்லசைடை இரண்டாம் தடவை விழுங்கியிருக்கிறேன். சாயங்காலம் ஒரு வாடிக்கையாளரின் தோளைப் பிடித்துக்கொண்டிருக்கும்போதே வேர்த்துக் கொட்டியது. விரலில் பிடி இல்லை. படுத்திருந்த மனிதர் எழுந்து என்னைப் படுக்க வைத்தார். பக்கத்துக் கடையிலிருந்து சர்க்கரை அள்ளிப்போட்ட தே தாரிக் வந்தது. பிழைத்தேன். அவர் அன்றைக்குப் பணமும் கொடுத்துவிட்டுப் போனார். எனக்கு அழுகை வந்தது அதற்காகத்தான்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2004-இல் திருத்திய மருந்துச் சட்டப்படி, மருந்துப் பெட்டியின் மேல் அதன் பெயர் பிரெய்லில் புடைத்திருக்க வேண்டும். நமக்குப் பெட்டியே கைக்கு வருவதில்லை. இங்கிலாந்தில் 2016 முதல், நோயாளிக்கு எந்த வகையில் தகவல் வேண்டும் என்று கேட்டுப் பதிவில் குறித்து, அவர் எப்போது வந்தாலும் அந்த வகையிலேயே தர வேண்டும் என்பது அரசாங்க மருத்துவத்துக்கு விதி. என் பெயரைக் கணினியில் தட்டினால் நான் கண் தெரியாதவன் என்று இங்கேயும் வரத்தானே செய்யும்? ஓகேயு என்று பார்த்துத்தானே ஒரு வெள்ளியைக் கழித்தார்கள்? கழிக்கத் தெரிந்த கணினிக்கு என்னைக் கூப்பிடச் சொல்லத் தெரியவில்லையா?

சட்டம் இல்லாமலும் இல்லை. உடற்பேறு குறைந்தோர் சட்டம் 2008-இல் வந்தது. மற்றவர்களைப் போலவே மருத்துவம் பெறும் உரிமை அதில் இருக்கிறது. 2010 ஜூலையில் ஐக்கிய நாட்டுச் சபையின் உடற்பேறு குறைந்தோர் உரிமை ஒப்பந்தத்தையும் மலேசியா ஏற்றது. ஆனால் 2008-ஆம் வருஷத்துச் சட்டத்தின் 41-ஆவது பிரிவை வக்கீல் நண்பர் ஒருவர் எனக்கு வாசித்துக் காட்டினார். நல்லெண்ணத்தோடு செய்ததற்கும் செய்யாமல் விட்டதற்கும் அரசாங்கத்தின் மேலோ அமைச்சர் மேலோ வழக்குப் போட முடியாது. மீறினால் தண்டனை என்றும் எங்கேயும் இல்லை. நாங்கள் நடக்கப் போட்ட மஞ்சள் புடைப்புக் கல்லின் மேல் மோட்டார் சைக்கிளை நிறுத்துகிறவனுக்காவது சம்மன் வரும் என்ற பயம் கொஞ்சம் இருக்கும். இங்கே அதுவும் இல்லை.

கையில் காசு இருக்கும் மாதம் தனியார் கிளினிக்குக்குப் போகிறேன். அங்கே மிஸ்ஸி என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவாள், எழுந்து வந்து முழங்கையைக் கொடுப்பாள், மாத்திரையை என் உள்ளங்கையில் வைத்து, "அங்கிள், இது காலைக்கு, தடவிப் பாருங்க" என்பாள். எழுபது, எண்பது வெள்ளி ஆகும். கணக்குப் போட்டுப் பார்த்தேன். மருந்து என்னவோ ஒன்றுதான். என் பெயரை ஒருவர் வாயால் சொல்வதற்குத்தான் அந்த எழுபது வெள்ளி.

காப்பார் பக்கம் தோட்டத்தில் பிறந்தவன் நான். அங்கே டிரஸர் இருந்தார். காய்ச்சலுக்கும் வயிற்றுவலிக்கும் ஒரே வெள்ளை மாத்திரை கொடுக்கிற மனிதர். என் கண்ணில் பழுப்பு வடிந்தபோது சொட்டு மருந்து விட்டு ஒரு வாரம் பொறுக்கச் சொன்னவரும் அவர்தான். கிள்ளான் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது நேரம் கடந்துவிட்டது. அவரைப் புகழ எனக்கு ஒரு காரணமும் இல்லை. ஆனாலும் வாசலில் நின்று, "முனியம்மா மகன் எங்கே, உள்ளே வரச் சொல்லு" என்று அவர் கத்துவது இன்னும் காதில் இருக்கிறது. கண்ணைக் காப்பாற்றத் தெரியாத அந்த ஆளுக்குக் கூப்பிடத் தெரிந்திருந்தது.

அடுத்த தவணை வருகிற மாதம், காலை எட்டு மணிக்கு. மறுபடியும் வெறும் வயிறு. அந்தக் குரலைத் திறந்துவிடுங்கள் என்று அண்ணன் மகள் மூலம் கடிதம் போட்டிருக்கிறேன். பதில் வரும் வரை உங்களிடம்தான் கேட்க வேண்டியிருக்கிறது. ஏதாவது ஒரு கிளினிக்கில் பக்கத்து நாற்காலியில் வெள்ளைக் கோலோடு யாராவது இருந்தால், சண்டையை அப்புறம் போட்டுக்கொள்ளலாம், தொலைபேசியைக் கொஞ்சம் கீழே வைத்துவிட்டு அவர் நம்பர் என்ன என்று கேளுங்கள்.