யூனிட் வேற, வாட் வேற பாஸ்!

ஜெனரேட்டர்னதும் நமக்கு ஞாபகம் வர்றது ரெண்டுதான். ஒண்ணு, கல்யாண மண்டபத்துக்குப் பின்னாடி நின்னு உறுமுறது. இன்னொண்ணு, கரன்ட் போனதும் கடைக்காரர் கயிறு இழுத்து ஸ்டார்ட் பண்றது. ரெண்டும் தரையில நிக்குது. அதையே தண்ணியில மிதக்கிற வீட்டுக்கு வாங்கணும்னா? பயப்படாதீங்க, ப்ளஸ் டூ ஃபிசிக்ஸே போதும்!

களம், இங்கிலாந்து. நிலக்கரியும் சரக்கும் ஏத்திட்டுப் போக 200 வருஷத்துக்கு முன்னாடி வெட்டின கால்வாய்கள்ல இன்னிக்கு மனுஷங்க குடியிருக்காங்க. அவங்க வீடு 'நேரோபோட்'. அகலம் 7 அடிக்கும் கொஞ்சம் கம்மி. நம்ம டவுன் பஸ்ஸைவிட ஒல்லி! படகை மேலே ஏத்தி இறக்குற 'லாக்' பல இடங்கள்ல அவ்வளவு அகலம்தான். நிரந்தரமா கட்டிவைக்க இடம் இல்லாத படகு, பொதுவா ஒரே இடத்துல 14 நாளுக்கு மேல நிக்கக் கூடாதுன்னு 1995-ம் வருஷச் சட்டம் சொல்லுது. நகர்ந்துக்கிட்டே இருக்கிற வீட்டுக்கு யார் கரன்ட் கனெக்‌ஷன் குடுப்பா? பேட்டரிதான் கதி. அதைச் சார்ஜ் பண்ண படகோட இன்ஜின், சோலார், ஜெனரேட்டர். டிசம்பர்ல லண்டன்ல பகலே சுமார் 8 மணி நேரம்தான், அதுவும் மங்கின வெயில். அப்பதான் ஜெனரேட்டர் ஆசை வரும்.

கடைக்குப் போறதுக்கு முன்னாடி பேப்பர், பேனா எடுங்க. சின்ன ஃபிரிட்ஜ் ஒரு நாளைக்கு அரை யூனிட். 60 வாட் லேப்டாப் 4 மணி நேரம் ஓடினா கால் யூனிட். எல்.இ.டி. பல்பு, தண்ணி பம்ப், செல்போன் எல்லாம் சேர்ந்து இன்னொரு கால் யூனிட். மொத்தம் 1 யூனிட். அவ்வளவுதானா? அவ்வளவுதான்!

ஆனா ட்விஸ்ட் இங்கதான். 2,000 வாட் எலெக்ட்ரிக் கெட்டில் 3 நிமிஷத்துல குடிக்கிறது வெறும் 0.1 யூனிட். ஆனா அந்த 3 நிமிஷமும் முழுசா 2,000 வாட் தர்ற மெஷின் வேணும். யூனிட் வேற, வாட் வேற. டீ தண்ணியை கேஸ் அடுப்புல வச்சுட்டா ஜெனரேட்டர் சைஸே குறைஞ்சிடும். இன்னொண்ணு, 2 கே.வி.ஏ.ன்னு விக்கிற சின்ன மெஷின் பலதும் தொடர்ந்து தர்றது சுமார் 1,600 வாட்தான். பெட்டியில பெருசா போட்டிருக்கிற நம்பரை நம்பி ஏமாறாதீங்க!

அடுத்து, பெட்ரோலா டீசலா? 20 கிலோ பெட்ரோல் மெஷின் விலை கம்மி, கையில தூக்கிக்கலாம். ஆனா பெட்ரோல் ஆவி காத்தைவிட கனம். படகோ ஒரு கிண்ணம் மாதிரி. ஆவி அடியில போய்த் தேங்கினா வெளியேற வழியே இல்லை, ஒரு பொறி போதும். அதனால மெஷினை ஆறவிட்டு, கரையில வச்சு எரிபொருள் ஊத்தணும். டீசல் செட் விலையும் கனமும் அதிகம், ஆனா படகு இன்ஜினோட டேங்க்லயே குடிச்சுக்கும். அதை நிரந்தரமா பொருத்தும்போது அதிர்வு தாங்க ரப்பர் மவுன்ட், குளிர்விக்கத் தண்ணி, படகுக்கு வெளியே போய் முடியற புகைக்குழாய் எல்லாம் வேணும். கரை கரன்ட், இன்வெர்ட்டர், ஜெனரேட்டர் மூணுல ஒண்ணு மட்டும் லைன்ல வர்ற மாதிரி சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச் கட்டாயம்.

இனி சீரியஸ் மேட்டர். 2013 ஏப்ரல் 1. இங்கிலாந்தின் விண்டர்மியர் ஏரியில ஒரு மோட்டார் படகு. திறந்தவெளிக்குன்னு தயாரிச்ச போர்ட்டபிள் ஜெனரேட்டரை இன்ஜின் அறைக்குள்ள வச்சு, சொந்தமா ஒரு சைலன்ஸர் செட்-அப் பண்ணியிருந்தாங்க. குழாய் இணைப்பு கழண்டுபோச்சு. கார்பன் மோனாக்சைடு கேபினுக்குள்ள நுழைஞ்சது. அம்மாவும் மகளும் இறந்துபோனாங்க. அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலைவலி, தூக்கக்கலக்கம்னு அசதி மாதிரியே வரும். 2019 ஏப்ரல்லேர்ந்து அங்க தங்கும் வசதி உள்ள தனியார் படகுகள்ல கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்கணும்னு பாதுகாப்பு விதியே கொண்டுவந்துட்டாங்க.

பக்கத்துப் படகையும் மறக்கக் கூடாது. கரையோரம் படகுங்க ஒண்ணு பின்னாடி ஒண்ணா நிக்கும். உங்க புகை, அவங்க ஜன்னல். ராத்திரி 8 மணியிலேர்ந்து காலை 8 வரைக்கும் மத்த படகுகளுக்குப் பக்கத்துல ஜெனரேட்டர் ஓட்டக் கூடாதுங்கிறதும் கால்வாய் லைசென்ஸ் நிபந்தனை.

'நமக்கெதுக்கு இங்கிலாந்து படகு?'ங்கிறீங்களா? கல்ச்சுரல்ஸுக்கு ஜெனரேட்டர் வாடகைக்கு எடுக்கப்போறது நீங்கதானே! ஸ்பீக்கர், லைட் வாட் எல்லாம் கூட்டிப் பார்க்க ஆயிரம் பேர் இருப்பாங்க. 'புகை எந்தப் பக்கம் போகுது, அங்க யாராவது உட்கார்ந்திருக்காங்களா?'ன்னு கேட்க ஒருத்தர் வேணும். அந்த ஒருத்தர் நீங்களா இருங்க!